கரையில் இழுத்து வைத்த வள்ளம்

"நான் இனி எனக்குரியவன் அல்ல, உமக்கே உரியவன்."

இந்த வரியை முதன்முதலில் நான் வாய்விட்டுச் சொன்னது 1978 ஜனவரியில், அந்த வருடத்தின் முதல் ஞாயிறு. அப்போது எனக்கு 12 வயது. பருத்தித்துறையில் மார்கழி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. நத்தாருக்குத் தைத்த வெள்ளைச் சேட்டைத்தான் அன்றும் போட்டிருந்தேன். அடுத்து வந்த வரிகளையும் ஒரு பிசகில்லாமல் ஒப்புவித்தேன். எல்லாம் எங்கள் சமயபாட ரீச்சர் செய்த வேலை.

வேறு சபை நண்பர்களும் சைவ நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மெதடிஸ்த சபையில் புதுவருடத்தின் முதல் ஞாயிற்றில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். மெதடிஸ்த இயக்கத்தை ஆரம்பித்த ஜோன் வெஸ்லி 1755 இல் இலண்டனில் தொடங்கி வைத்த வழக்கம் அது. புதுவருடத் தீர்மானம் எடுப்பதுபோல "இதைச் செய்வேன், அதை விடுவேன்" என்று யாரும் அங்கே சொல்வதில்லை. கடவுளிடம் தன்னையே கையளிக்கிறோம். "உமக்குச் சித்தமான வேலையில் என்னை வையும். உழைக்க வையும், பாடுபட வையும். உமக்காக நான் பயன்படுத்தப்பட்டாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைக்கப்பட்டாலும் சரி" என்று போகும் அந்த ஜெபம்.

இந்த ஜெபத்தை ரீச்சர் நத்தாருக்கு முந்திய அட்வென்ற் காலத்திலேயே சொல்லித்தரத் தொடங்கிவிடுவார். நாலு ஞாயிறு, நாலு மெழுகுதிரி, நாலு பகுதி. நத்தார் நாடகத்துக்கு ஆட்டிடையன் வேசம் யாருக்கு என்று நாங்கள் அடிபட்டுக்கொண்டிருக்கும்போது இதென்ன புதுக் கரைச்சல் என்று ஒருமுறை சிணுங்கினோம். அதற்கு அவர் சொன்னது: "பாலன் வரப்போறார் எண்டு நாலு கிழமை காத்திருக்கிறம். வந்தவரிட்ட என்ன சொல்லப்போறியள் எண்டு யோசிச்சு வைக்க வேண்டாமோ, பிள்ளையள்?"

இலங்கைக்கு மெதடிஸ்த மிஷன் வந்த கதையையும் அந்த நாட்களில்தான் சொல்வார். அந்தப் பயணத்துக்கு வருடக்கணக்கில் பாடுபட்ட தோமஸ் கோக் 1814 மே மாதம் கப்பலிலேயே இறந்துபோனார். உடலைக் கடலில் அடக்கம் செய்தார்கள். கூட வந்த இளைஞர்கள் ஜூன் 29 ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். "வரவேணும் எண்டு துடிச்சவர் வரேல்லை" என்று சொல்லிவிட்டு ரீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

ஒரு நாள் எங்களில் ஒருவன் கேட்டான்: "ஒதுக்கி வைக்கிறது எண்டால் என்ன ரீச்சர்? வகுப்புக்கு வெளியில விடுற மாதிரியோ?"

ரீச்சர் பதில் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எங்கள் ஏழு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வாடைக் காற்று முகத்தில் உப்பை அடித்தது. கடல் மண் நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தது. வள்ளங்கள் மணலில் வெகுதூரம் மேலே இழுத்து விடப்பட்டிருந்தன. அடியில் தென்னங்குற்றி கொடுத்து, மேலே கிடுகு போட்டு, கயிற்றால் கட்டியிருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்த அந்த நேரத்தில் ஒரு கிழவர் மட்டும் தன் வள்ளத்தின் கிடுகை விலக்கி, பழந்துணியைச் சிரட்டையில் தோய்த்துத் தோய்த்து மரத்தில் மீனெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பலகைகள் சேரும் இடங்களில் துணியை விட்டு விரலாலேயே அழுத்தித் தேய்த்தார். அந்த நெடியில் நாங்கள் மூக்கைப் பொத்தினோம்.

"இது உடைஞ்ச வள்ளமோ?" என்று ரீச்சர் எங்களைக் கேட்டார்.

"இல்லை ரீச்சர்."

"பிறகேன் கரையில கிடக்கு?"

"வாடை ரீச்சர். இப்ப கடலுக்குப் போகேலாது."

"அவர் இதை மறந்திட்டாரோ?"

நாங்கள் கிழவரைப் பார்த்தோம். அவர் எங்களைக் கவனிக்கவேயில்லை. ரீச்சர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் ஆளுக்கொரு தட்டை வடை வாங்கித் தந்தார்.

அந்த வருடத்துக் கரோல் இரவும் எனக்கு மறக்காது. எங்களுக்கு மிருதங்கம் வாசித்தவன் சைவப் பொடியன். வீடு வீடாகப் பாடி முடித்து விடியப்புறம் திரும்பும்போது எதிரே சங்கும் சேமக்கலமும் கேட்டன. திருவெம்பாவைக்காரர் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் மிருதங்கக்காரன் அப்படியே திரும்பி அவர்களோடு நடந்துபோனான். நத்தார் என்றால் எனக்குள் அந்தச் சங்கும் சேர்ந்துதான் கேட்கும்.

நான் 1986 இல் இலண்டன் வந்தேன். நடுவில் எத்தனையோ நத்தார்கள் போயின. 2004 டிசம்பர் 26 மட்டும் அப்படியே நிற்கிறது. அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. எங்களுக்கு இன்னும் விடியவில்லை, தொலைபேசி அடித்தது. மணற்காடு, உடுத்துறை, மருதங்கேணி, முல்லைத்தீவு என்று ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பருத்தித்துறைக்கு லைன் கிடைக்க இரண்டு நாளாயிற்று. "வள்ளமெல்லாம் றோட்டுக்கு அங்கால கிடக்குது அண்ணை" என்றான் என் தம்பி முறையான ஒருவன். ஆட்களைப் பற்றிக் கேட்டேன். அவன் அழுதான். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, 2005 ஜனவரி 2, உடன்படிக்கை ஆராதனை. இலண்டன் சபையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். "பாடுபட வையும்" என்ற இடத்தில் என் நாக்கு எழும்பவில்லை. அலை எங்கள் கரையில் செய்ததைப் பார்த்த பிறகு யாரால் அதைச் சொல்ல முடியும்? புத்தகத்தை மூடிவிட்டு நின்றேன். அது ஏன் நடந்தது என்ற கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. சபைகளில் அந்த நாட்களில் சிலர் சொன்ன பதில்களும் எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்லாமல் காசும் உடுப்பும் சேர்த்து அனுப்பியவர்களோடுதான் இருக்க முடிந்தது.

ரீச்சருக்கு இதை அப்படியே எழுதினேன். ஓய்வு பெற்று மகளோடு கொழும்பில் இருந்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அந்த நீல நிற வான்கடிதம் இன்னும் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. "சொல்ல முடியாவிட்டால் சொல்லாதே, தம்பி. பக்கத்தில் நிற்பவர் உனக்கும் சேர்த்துச் சொல்லுவார். சபை என்று ஒன்று இருப்பது அதற்குத்தான்."

2011 டிசம்பரில் போய்ப் பார்த்தேன். பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோய்க் கட்டிலோடு இருந்தார். பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. தலைமாட்டில் ஒரு கொப்பி கிடந்தது. உள்ளே படிப்பித்த பிள்ளைகளின் பெயர்கள், வகுப்பு வகுப்பாக. அட்வென்ற் தொடங்கினால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று பேத்தி வாசிப்பாளாம், இவர் கண்ணை மூடி ஜெபிப்பாராம். தட்டிப் பார்த்தேன். மிருதங்கக்காரனுடைய பெயரும் இருந்தது. ரீச்சர் அதன் பிறகு இரண்டு நத்தார்தான் கண்டார்.

2022 ஒக்ரோபரில் எனக்கு நெஞ்சில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அந்த அட்வென்ற் முழுவதும் வீட்டில். பாரம் தூக்கக்கூடாது, வாகனம் ஓடக்கூடாது. கரோலுக்கும் போகவில்லை. 30 வருடமாக ஒரு நாள் சும்மா இருந்து அறியாதவனுக்கு அது பெரிய வேதனை. ஜன்னலோரம் இருந்து, போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். புண் ஆறிய பிறகு ஒரு பின்னேரம் மனைவி தழும்பில் எண்ணெய் தடவினார். தையல் போட்ட இடங்களில் விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்தார். பருத்தித்துறைக் கரையின் மீனெண்ணெய் நெடி சட்டென்று மூக்கில் ஏறியது. ஏன் அழுகிறீர்கள், நோகிறதா என்று அவர் பயந்துபோனார். வள்ளத்துக் கதையை அன்றைக்குத்தான் முழுவதுமாக அவருக்குச் சொன்னேன்.

இந்த ஜனவரியும் உடன்படிக்கை ஆராதனைக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் முன்பின் அறியாத ஒரு இளம் பெண், கையில் புத்தகம் மூடியிருந்தது. எல்லோரும் ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். அவர் உதடு அசையவில்லை. என்ன கவலையோ, நான் கேட்கவில்லை. வழக்கமாக இந்த ஜெபத்தைத் தமிழில் எனக்குள் முணுமுணுப்பவன், அன்று அவருக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்தில், கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.