வால் அறுந்தாலும் சாகாத எண்

73939133. இது பகா எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். கடைசி இலக்கத்தை வெட்டிவிடுங்கள்: 7393913, அதுவும் பகா எண். மறுபடி வெட்டினால் 739391. பிறகு 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண்கள்! இப்படிப்பட்ட எண்கள் பதின்ம முறையில் மொத்தம் 83தான். அவற்றில் இதுவே பெரியது.

ஏன் இத்தோடு நின்றுவிடுகிறது? வலப்புறம் சேர்க்க 1, 3, 7, 9 மட்டுமே தகுதியானவை. மற்றவற்றைச் சேர்த்தால் 2 அல்லது 5 வகுத்துவிடும். 73939 வரை இலக்கங்களின் கூட்டுத்தொகை 31. அடுத்து 1 வந்ததும் 32. இனி 1 அல்லது 7 சேர்த்தால் கூட்டுத்தொகை 3ஆல் வகுபடும், எண்ணும் வகுபடும். அந்த ஒற்றை 1 இரண்டு கதவுகளை நிரந்தரமாகச் சாத்திவிட்டது. மிஞ்சியவை 3, 9 மட்டுமே. இரண்டு முறை 3 கைகொடுத்தது. மூன்றாம் முறை 3, 9 இரண்டுமே கைவிரித்துவிட்டன.

இடப்புறமிருந்து வெட்டிக்கொண்டே வந்தாலும் பகாவாகவே நிற்கும் எண்களும் உண்டு. நடுவில் பூச்சியம் வரக்கூடாது என்பது விதி. அவற்றில் பெரியது 357686312646216567629137. மொத்தம் 24 இலக்கங்கள். பிரமாண்டம்தான், ஆனாலும் என் ஓட்டு 73939133க்கே. தாளும் பேனாவும் இருந்தால் இதன் பாதி வழியையாவது நாமே நடந்து பார்த்துவிடலாம்.