நன்கொடை என்று எழுதினேன், அது கடன்: அயலக உறவுக் கேள்விகளில் நான் கற்றது

குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அம்மா இன்னும் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறார். எந்தப் பணி என்பது இனிமேல்தான் தெரியும். வெளியுறவுப் பணியை முதல் விருப்பமாகக் கொடுத்திருக்கிறேன். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை தாள், எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பொது அறிவு இரண்டாம் தாளில் வரும் அயலக உறவை மட்டும்தான் இங்கே பேசப் போகிறேன். அதிலும் ஒரு நாட்டோடு நமக்குள்ள நட்பை எப்படிப் படிப்பது, எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். நான் தமிழில் எழுதியவன். இலங்கையை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கியது அங்கேதான்.

2022 முதன்மைத் தேர்வு என் முதல் முயற்சி. இந்தியா இலங்கையின் நெடுநாள் நண்பன் என்ற கூற்றைக் கொடுத்து, அந்நாட்டின் அண்மைய பொருளாதார நெருக்கடியில் இந்தியாவின் பங்கை விவாதிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் நாகப்பட்டினம் மாவட்டக்காரன். இலங்கைக் கேள்வி என்றதும் கை பறந்தது. பௌத்தம், சோழர், 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், 1974 கச்சத்தீவு, 1987 ஒப்பந்தம் என்று முக்கால் பக்கம் வரலாறு ஓடியது. கேட்ட நெருக்கடிக்கு நான் ஒதுக்கியது நான்கே வரி. அதில் ஒரு வரி இது: "இந்தியா 400 கோடி டாலரை நன்கொடையாக வழங்கியது."

நேர்முகத் தேர்வு எனக்கு ஏழு மதிப்பெண்ணில் போனது. அந்த ஒரு வரியால்தான் போனது என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தத் தாள் முழுக்க நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

சில மாதம் கழித்து, பல நாடுகளில் நம் தூதரகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்த விடையை நினைவிலிருந்து மறுபடி எழுதிக் கொண்டுபோனேன். படித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். "தம்பி, இந்த 400 கோடியில் கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு? யார் யாருக்குக் கொடுத்தது? அங்கே போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்த்தது?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "தெரியலைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு ஆண்டும் அந்த மூன்று கேள்வியை வைத்துத்தான் படித்தேன்.

பிரித்துப் பார்த்தபோது கிடைத்தது இதுதான்:

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் ஏற்பாட்டின் கீழ் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம், அதாவது தன் நாணயத்தை ஈடாகக் கொடுத்து டாலர் வாங்கி, பிறகு திருப்பித் தருவது. இது இரு நாட்டு மத்திய வங்கிகளுக்கு இடையில் நடந்தது.

ஆசிய நாடுகள் தங்களுக்குள் வணிகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆசியத் தீர்வு ஒன்றியத்தின் வழியாக இலங்கை நமக்குக் கட்ட வேண்டியிருந்த தொகைக்குத் தவணை ஒத்திவைப்பு. பணம் புதிதாகப் போகவில்லை, வரவேண்டியது தள்ளிப்போனது.

எரிபொருள் வாங்க 50 கோடி டாலர் கடன் வசதி, பிப்ரவரி 2022, எக்ஸிம் வங்கி (ஏற்றுமதி இறக்குமதி வங்கி) வழியாக.

உணவு, மருந்து, அத்தியாவசியப் பொருள்களுக்கு 100 கோடி டாலர் கடன் வசதி, மார்ச் 2022, பாரத ஸ்டேட் வங்கி வழியாக.

யூரியாவுக்கு 5.5 கோடி டாலர் கடன், ஜூன் 2022.

திருப்பிக் கேட்காமல் கொடுத்தது இவற்றுக்கு வெளியே இருக்கிறது. மருந்துகள், அப்புறம் தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசி, பால்மாவு போன்றவை. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்து என்று தமிழ்நாடு அறிவித்து, மே மாதம் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

இதில் பெரும்பகுதி கடன் அல்லது தள்ளிவைப்பு. அதனால் நட்பு குறைந்ததாக நான் நினைக்கவில்லை. அந்நியச் செலாவணியே இல்லாத ஒரு நாட்டுக்கு வேறு யாரும் கடன் கொடுக்கத் தயங்கிய நேரத்தில் கொடுத்த கடன் அது. 2023 ஜனவரியில், பன்னாட்டு நிதியத்தின் உதவிக்குத் தேவையான நிதி உறுதிமொழியை, அதாவது பழைய கடனைத் திருப்பும் விதிகளைத் தளர்த்துவோம் என்ற உறுதியைக் கடன் கொடுத்த நாடுகளில் முதலில் கொடுத்ததும் இந்தியாதான். "நன்கொடை" என்று எழுதினால் இந்த வலுவான வாதத்தை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள். ஆகவே கடன் வசதி, மானியம் (திருப்பித் தர வேண்டாதது), நாணயப் பரிமாற்றம், ஒத்திவைப்பு ஆகிய நான்கையும் கலக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்தது என் ஒரே உத்தி. 1961 வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவு ஒரு தூதரகத்தின் வேலையை ஐந்தாகச் சொல்கிறது. தாய்நாட்டின் சார்பாக நிற்பது. தன் நாட்டு நலனையும் தன் மக்களின் நலனையும் காப்பது. அந்நாட்டு அரசோடு பேச்சு நடத்துவது. சட்டபூர்வமான வழியில் அங்குள்ள நிலவரத்தை அறிந்து தாய்நாட்டுக்குத் தெரிவிப்பது. நட்புறவை வளர்ப்பது, அதாவது பொருளாதாரம், பண்பாடு, அறிவியல் உறவுகளை வளர்ப்பது. எல்லோரும் இதை ஒரு மதிப்பெண் கேள்விக்கான தகவலாகப் படித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். நான் இதை ஐந்து கட்டமாக்கினேன். ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம். செய்தி எது வந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றில் போய் உட்காரும்.

இலங்கைப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது நான்காவது கட்டம். 2022 மார்ச் கடைசியில் பேராதனை மருத்துவமனையில் மருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தினார்கள் என்று செய்தி வந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதைக் குறிப்பிட்டு, எப்படி உதவலாம் என்று தொடர்புகொண்டு பேசும்படி கொழும்பிலிருந்த நம் தூதர் கோபால் பாக்லேவிடம் சொல்வதாகப் பொதுவெளியில் எழுதினார். ஏப்ரல் கடைசியில் ஐஎன்எஸ் கரியால் கப்பல் 760 கிலோ மருந்தோடு கொழும்பு போய்ச் சேர்ந்தது. நிலவரத்தை அறிவது, அரசோடு பேசுவது, நட்பை வளர்ப்பது என்று மூன்று கட்டமும் ஒரே மாதத்துக்குள் நடக்கின்றன. "இந்தியா இலங்கைக்கு உதவியது" என்பதற்குப் பதில் இதை மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். விடைக்கு உயிர் வந்துவிடும்.

இரண்டாவது கட்டம் நம் ஊர்க்காரர்களுக்குக் கடினமானது. மீனவர் பிரச்சினை. என் தெருவிலேயே படகை இழந்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் கோபம் வரும். ஆனால் விடைத்தாளில் கோபம் மட்டும் இருந்தால் அது விடையாகாது. கைதான மீனவர்களைச் சிறையில் போய்ப் பார்ப்பது, சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்வது, விடுதலையானபின் ஊருக்கு அனுப்புவது என்று யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்துக்கு இருக்கும் வேலையை எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். நம் இழுவைப் படகுகளால் வலை அறுந்து நிற்பது வட இலங்கைத் தமிழ் மீனவரும்தான். கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி வலையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. பேச்சுக்கு 2016 முதல் இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு இருக்கிறது. கச்சத்தீவு ஒன்றே தீர்வு என்று முடித்துவிடாதீர்கள்.

ஐந்தாவது கட்டம் தானாக நிரம்பும். 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கு கிழக்கில், 4,000 மலையகத்தில். 2017இல் மலையகத்துக்கு மேலும் 10,000 அறிவிக்கப்பட்டது. 2016இல் 88 வண்டிகளோடு தொடங்கி நாடு முழுக்கப் போன, 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை. கொழும்பில் 1998 முதல் இருக்கும் பண்பாட்டு மையம். யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம். இந்த வீடுகளும் ஆம்புலன்ஸும் மானியம். மறுபடியும் சொல்கிறேன், மானியம். முதல் கட்டத்துக்கு அதிகம் தேட வேண்டாம். கொழும்பில் தலைமை, கண்டியில் துணை அலுவலகம், 2010இல் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்கள். அம்பாந்தோட்டையில் ஏன் என்று மட்டும் ஒரு வரி யோசித்து வையுங்கள். வரைபடத்தைப் பார்த்தால் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். நம் நாளிதழ்கள் எல்லாவற்றையும் தூதரகம் என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் உயர் ஸ்தானிகராலயம் என்று சரியாக எழுதுகின்றன. காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்புவது உயர் ஆணையரை, தூதரை அல்ல. நான் விடையில் முதல்முறை "உயர் ஆணையம்" என்று எழுதி, பிறகு தூதரகம் என்றே தொடர்ந்தேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் தாள் முழுக்க அதையே வையுங்கள். ஒரு நாட்டின் தூதரை ஏற்பதற்கு முன் தரும் சம்மதத்துக்கு "முன்னிசைவு", வெளியேறச் சொல்லப்படுபவருக்கு "ஏற்கத்தகாதவர்" என்று நான் வைத்துக்கொண்டேன். முன்னிசைவை மறுப்பதற்கும் ஏற்கத்தகாதவர் என்று அறிவிப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது, பிரிவு 4, பிரிவு 9.

என் அன்றாடம்:

காலை ஐந்து மணி. நாற்பது நிமிடம். ஒரு தூதரகத்தின் செய்திக்குறிப்புகள், அவ்வளவுதான்.

காணொலி கிடையாது. குழு விவாதம் கிடையாது. எனக்குப் பேசிப் படிப்பது ஒத்துவராது, கையால் எழுதினால்தான் ஏறும். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், ஆனாலும் இந்த ஒரு பகுதியையாவது கையால் எழுதிப் பாருங்கள்.

மொத்தம் பதினேழு நாடு. முப்பது நாட்டுக்கு ஆசைப்பட்டு 2023இல் முதல்நிலைத் தேர்விலேயே நின்றுவிட்டேன். முதல்நிலைக்கு மூன்று மாதம் முன்பு இந்த நோட்டை மூடிவிடுங்கள்.

மாதக் கடைசியில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து 150 சொல்லில் ஒரு விடை. எண்ணி எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குத் தமிழைத்தான் எடுத்தேன், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அதற்கு நான் செய்த பயிற்சி, ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்துச் சொல்லுக்குள் முடிப்பது. நீண்ட வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதற்குள் மொழிபெயர்ப்பவர் காத்திருக்க வேண்டியிருக்கும், அதில் உங்கள் வேகம் போய்விடும்.

ஊரைப் பார்த்ததும் கப்பல் பற்றிக் கேட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் கிளம்பியபோது நான் துறைமுகத்துக்கு வெளியே கூட்டத்தில் நின்றிருந்தேன். அதைச் சொன்னேன். பருவமழையால் சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, ஆண்டு முழுக்க ஓட வேண்டுமானால் என்ன தேவை என்று பேசினேன். பயணிகளை விடச் சிறு வணிகருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொன்னபோது ஓர் உறுப்பினர் தலையசைத்தார்.

அடுத்த கேள்வியில் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. நம் தூதர் அங்குள்ள தமிழ்க் கட்சிகளைச் சந்திப்பது உள்நாட்டு விவகாரத்தில் தலையிடுவது ஆகாதா? பிரிவு 41 தலையிடக் கூடாது என்கிறது, பிரிவு 3 நிலவரத்தை அறியலாம் என்கிறது. வெளிப்படையாக, எல்லாக் கட்சிகளையும் சந்திக்கும்வரை அது மூன்றாவது பிரிவுக்குள் வரும் என்றேன். மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் இரு அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்தது, ஆகவே அது பற்றிப் பேச நமக்கு ஓர் அடிப்படை உண்டு என்றும் சேர்த்தேன். யாருக்கு ஆதரவு என்று இறங்கினால் அது 41ஐத் தொட்டுவிடும் என்று முடித்தேன். ஐந்து கட்டத்தை இரண்டு ஆண்டு நிரப்பியிருக்காவிட்டால் அந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருப்பேன்.

செய்யக் கூடாதவை, சுருக்கமாக:

"தொப்புள்கொடி உறவு" என்று தொடங்காதீர்கள். பிற்பகுதிக்கு இடம் இருக்காது.

சீனா பெயரை முதல் பத்தியில் எழுதாதீர்கள். கேட்டது நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவை.

ஒப்பந்தத்தின் கையெழுத்தான ஆண்டையும் நடைமுறைக்கு வந்த ஆண்டையும் குழப்பாதீர்கள். தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது 1998, நடைமுறை 2000.

இந்த ஆண்டு எழுதுபவர்கள் இலங்கைப் பக்கத்தில் உடனே சேர்க்க வேண்டியவை: 2024 டிசம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லி வந்தது, முதல் கட்டம். 2025 ஜனவரியில் யாழ்ப்பாண மையத்துக்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தது, ஐந்தாவது கட்டம். 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்பில் பேசும்போது, முந்தைய ஆறு மாதத்தில் 10 கோடி டாலருக்கு மேலான கடனை மானியமாக மாற்றியிருப்பதாகச் சொன்னது. இதையும் ஐந்தாவதில் எழுதி, பக்கத்திலேயே "முன்பு கடன், இப்போது மானியம்" என்று சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.