துணியில் ஏறும் நிறம்: கார்க் கதவில் ஒட்டிய அயல் பெயிண்டை வீட்டிலேயே எடுத்த அனுபவம்

ஏற்காட்டு மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்கும் கார்களைச் சற்று உற்றுப் பார்த்தால், இடப்பக்க முன்பம்பரின் மூலையில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு தேய்ப்பு இருப்பதைக் காணலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கி வரும்போது எதிரே பேருந்து ஏறினால், ஏறும் வண்டிக்கே முதலில் வழி என்பதால், நாம் ஓரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குகிற இடத்தில் தடுப்புச் சுவர் நிற்கும். எங்கள் காரின் பம்பரில் சுவர்ச் சாயம் ஏறியது அப்படித்தான். அதே பயணத்தில், கோடை விழாக் கூட்டத்தில் ஏரிக்கு அருகே நிறுத்தியிருந்தபோது மஞ்சள் நிற வண்டி ஏதோ ஒன்று இடப்பக்கப் பின்கதவை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அரக்குச் சிவப்புக் கதவில் ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் பட்டை.

பட்டறையில் காட்டியபோது, கதவு, பம்பர் இரண்டையும் முழுதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார்கள்; காப்பீட்டில் கோரிவிடலாம் என்றும் சொன்னார்கள். கோரலாம்தான். ஆனால் 1500 சிசி வரையிலான கார்களுக்குக் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும் 1,000 ரூபாயை விட்டாலும், கோரிக்கை இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி அந்த ஒரு கோரிக்கையால் போய்விடும். உரசலுக்காக அதை இழப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

எங்கள் தெருவில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம், "அண்ணே, இதுக்குக் கதவு முழுக்க அடிக்கணுமா?" என்று கேட்டேன். நகத்தால் மஞ்சளின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க பெயிண்ட் போனது இல்லீங்க சார், அவன் பெயிண்ட் ஏறுனது. காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கறப்ப வண்டியப் பாக்காதீங்க, துணியப் பாருங்க. துணியே சொல்லிப்போடும்" என்றார். வேலை முழுவதும் எனக்கு வழிகாட்டியாக இருந்தது இந்த ஒரு வரிதான். (காம்பவுண்ட் என்பது நுண்ணிய அரைப்புத் துகள்கள் கலந்த, பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் பசை.)

அவர் சொன்னதன் பொருள் விளங்க வேண்டுமானால் காரின் மேற்பூச்சு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான். எழுதும் தாளின் கனத்துக்குச் சற்றே கூடுதல். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். வேறொரு வண்டி உரசும்போது அதன் பெயிண்ட் நம் கிளியர் கோட்டின்மேல் அப்பிக்கொள்கிறது. எனவே நாம் எடுக்க வேண்டியது நமக்குச் சொந்தமில்லாத அந்தப் படலத்தை மட்டுமே. காம்பவுண்டுக்கோ அந்த வேறுபாடு தெரியாது. அயல் பெயிண்ட் தீர்ந்ததும் நம் கிளியர் கோட்டைத் தின்னத் தொடங்கிவிடும். மெட்டாலிக் நிறமுள்ள காரில் கிளியர் கோட் கட்டாயம் உண்டு என்பதால், தேய்க்கும் துணியில் மஞ்சள் வரும்வரை கவலையில்லை, இளஞ்சிவப்புச் சாயல் தட்டினால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். கிளியர் கோட் இல்லாமல் ஒரே பூச்சாக அடிக்கப்பட்ட பழைய வெள்ளைக் கார்களில் நிறம் துணிக்கு வருவது இயல்பு. அங்கே இந்தச் சோதனை செல்லாது.

முதல் வேலை கழுவுவது. மண்துகள் இருக்கும்போது தேய்த்தால் இருக்கிற கீறலோடு நாமும் புதிதாகச் சில கீறல்களைச் சேர்ப்போம். சேலத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் கடினமானது. வெயிலில் உலர்ந்தால் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்லும், பிறகு அவற்றை நீக்குவது தனி வேலை. ஆகவே மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்துவைத்து, கார் ஷாம்புவும் மைக்ரோஃபைபர் துணியும் கொண்டு கழுவித் துடைத்தேன். விடியற்காலையில், நிழலில் செய்ய வேண்டிய வேலை இது. சேலத்து வெயிலில் காலை ஒன்பது மணிக்கே தகடு சுடத் தொடங்கிவிடும், சுடும் தகட்டில் எதைத் தடவினாலும் அது துடைப்பதற்குள் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

கழுவியபின் கைப்பேசியின் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் பட்டை தடவும்போது மேடாக நெருடியது. அதனூடே சில மெல்லிய கோடுகள் தெரிந்தன; தண்ணீர் தெளித்தால் அவை மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றின. அப்படி மறையும் கோடுகள் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றவை, பாலிஷுக்கு அடங்குபவை. பம்பரின் மூலையில் இரண்டு கோடுகளில் மட்டும் நகம் சிக்கி நின்றது. நகம் சிக்கும் கோட்டைத் தேய்த்துப் போக்க முயல்வதில் பயனில்லை என்று அவற்றை அப்போதே கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன்.

மென்மையானதிலிருந்து தொடங்கிக் கடுமையானதை நோக்கிப் போக வேண்டும் என்பதே முறை. மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பெட்ரோல் மூடிக்கு உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்தபின், துணியில் நனைத்து மஞ்சளின்மேல் சற்று நேரம் ஒற்றிவைத்துத் துடைத்தேன். ஓரங்களில் இருந்த மெல்லிய பகுதி வந்தது. அடுத்து மண்ணெண்ணெய். அது பெயிண்டைக் கரைக்காது, பிடிப்பை ஓரளவு தளர்த்தும். அதன் பிசுக்கை ஷாம்பு போட்டு உடனே கழுவிவிட வேண்டும். தின்னரையும் நகப்பூச்சு நீக்கியையும் பரிந்துரைப்பவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். விரைவாக வேலை செய்பவை என்பது உண்மையே. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை மறுபெயிண்ட் கண்ட பாகமாக இருந்தால் அதையும் சேர்த்து இளக்கிவிடும், கருப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் மங்கலாக்கிவிடும். பற்பசையும் ஓரளவு தேய்க்கும், அதில் நுண்ணிய அரைப்புத் துகள்கள் இருப்பதால்தான். கார்ப் பெயிண்டுக்கென அளவிட்டுச் செய்த காம்பவுண்ட் ஒரு சிறு டப்பா கிடைக்கும்போது பற்பசையை நாடுவது எனக்கு உவப்பாக இல்லை.

காம்பவுண்டைத் தொடும் முன், கதவுக் கைப்பிடியின் ரப்பர் ஓரத்தையும் பம்பரின் கருப்புப் பிளாஸ்டிக்கையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடினேன். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் புகுந்தால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டையும் டேப்பால் மறைத்தேன், ஏனெனில் மடிப்புகளில் பூச்சு மெல்லியது, தேய்க்கும் விரலின் அழுத்தமும் அங்கேதான் குவியும். பிறகு பஞ்சுத் திண்டில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், வட்டமாக அல்லாமல் முன்னும் பின்னுமாகத் தேய்த்தேன். சில இழுப்புகளுக்குள் திண்டின் முகத்தில் மஞ்சள் நன்றாக ஏறியது. காய்வதற்குள் துடைத்து, திண்டின் புதிய முகத்தைத் திருப்பி, மறுபடியும் தேய்க்க, மஞ்சள் வெளிறிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் திண்டு வெறும் வெள்ளையாகவே நின்றது. கதவில் அப்போதும் ஒரு மங்கிய தடம் தெரிந்தது. கை இன்னும் தேய்க்கச் சொன்னது. துணியைப் பார்க்கச் சொன்னவரின் பேச்சு அந்த இடத்தில்தான் உதவியது. அது காம்பவுண்ட் விட்ட மங்கல். அதைத் தீர்ப்பது பாலிஷின் வேலை. பாலிஷ் போட்டதும் தடம் மறைந்தது. பாலிஷில் உள்ள எண்ணெய்ப் பசை கீறல்களை நிரப்பி, எல்லாம் போய்விட்டதாக ஏமாற்றக்கூடும் என்பதால், மீண்டும் ஆல்கஹாலால் துடைத்து விளக்கடித்துப் பார்த்தேன். தேடினால் தெரியும் இரண்டொரு மயிரிழைக் கோடுகள் எஞ்சியிருந்தன. அவற்றுக்காக மேலும் கிளியர் கோட்டைக் கரைப்பது வீண் என்று வாக்ஸ் பூசி முடித்தேன்.

பம்பர் வேறு கதை. சுவர்ச் சாயம் திரவங்களுக்கு அசைந்துகொடுக்கவில்லை. அதோடு சிமெண்டுத் துகளும் ஒட்டியிருந்தது. அப்படியே காம்பவுண்ட் போட்டால் அந்தத் துகளே உப்புத்தாள் போலக் கீறும். ஆகவே ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக விட்டு, கிளே பார் என்னும் களிமண் கட்டியை அழுத்தாமல் வழுக்கவிட்டுத் துகள்களை முதலில் எடுத்தேன். கட்டி அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புதிய முகத்தைப் பயன்படுத்த வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். அதன்பின் காம்பவுண்டுக்குக் கருப்பும் வெள்ளையும் பெரும்பாலும் வந்துவிட்டன.

நகம் சிக்கிய இரண்டு கோடுகளையும் பம்பரில் அப்படியே விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் துருப்பிடிக்கப் போவதில்லை. ஆனால் கதவின் கீழ் ஓரத்தில், வண்டி உரசி முடித்த இடத்தில், பெயிண்ட் பெயர்ந்து கடுகளவு இரும்பு தெரிந்தது. மழையிலும் மலைப் பனியிலும் ஓடும் வண்டிக்கு அதை விட்டுவைக்க முடியாது. கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டிலிருந்து நிறக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு போய் டச்-அப் பெயிண்ட் வாங்கி, அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, தீக்குச்சி முனையால் மெல்லிய பூச்சாக வைத்து, காய்ந்தபின் மறுபூச்சும் மேலே கிளியரும் வைத்தேன். புதுப் பெயிண்ட் முழுதாக இறுக வேண்டும் என்பதால், அந்த இடத்துக்கு வாக்ஸ் பூசுவதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.