பார்க்கரைத் தாண்டிக் கேட்க வேண்டிய ஆல்டோ சாக்ஸபோன்காரர்கள்

ஜாஸில் ஆல்டோ சாக்ஸபோன் என்றதும் திரும்பத் திரும்ப ஐந்தாறு பெயர்கள்தான் வரும். ஜானி ஹாட்ஜஸ், சார்லி பார்க்கர், பால் டெஸ்மண்ட், ஆர்ட் பெப்பர், கேனன்பால் ஆடர்லி, ஆர்னெட் கோல்மன். எல்லோரும் அந்த இடத்துக்கு முழுத் தகுதி உள்ளவர்கள்தான். ஆனால் 1945க்குப் பிறகு ஆல்டோவைக் கையில் எடுத்த யாராக இருந்தாலும் பார்க்கரை வைத்தே அளக்கிற பழக்கம் வந்துவிட்டது. அவரைப் போல வாசித்தவரை நகல் என்று தள்ளினார்கள், வேறு மாதிரி வாசித்தவரைக் கவனிக்கவே இல்லை. இதில் நல்ல வாசிப்பாளர்கள் பலர் காணாமல் போனார்கள். அவர்களுடைய இசைத்தட்டுகளை இன்று போட்டுக் கேட்டால் வாசிப்பில் குறையே தெரியாது. நியூயார்க்கை விட்டு எங்கோ இருந்தார்கள், அல்லது அடுத்தவர் பெயரில் வந்த தட்டுகளிலேயே வாசித்தார்கள், அல்லது சீக்கிரம் செத்துப்போனார்கள்.

ஜேம்ஸ் ஸ்பால்டிங்கிடமிருந்து தொடங்குகிறேன். 1937ல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர், டிரம்பெட் வாசித்த ஃபிரெடி ஹப்பர்டுக்கும் அதே ஊர். சிகாகோவில் சன் ராவின் குழுவில் இருந்துவிட்டு நியூயார்க் வந்தார். 1960களில் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட தட்டுகளைப் புரட்டினால் இவர் பெயர் வந்துகொண்டே இருக்கும்: ஹப்பர்டின் 'ஹப்-டோன்ஸ்' (1962), பாபி ஹட்சர்சனின் 'காம்போனென்ட்ஸ்' (1965), வெய்ன் ஷார்ட்டரின் 'தி ஆல் சீயிங் ஐ' (1965), 'ஸ்கிட்ஸோஃபிரீனியா' (1967), ஹொரேஸ் சில்வரின் 'தி ஜோடி கிரைண்ட்' (1966). அந்தப் பத்தாண்டில் புளூ நோட் இவர் பெயரில் ஒரு தட்டுகூடப் போடவில்லை. ஜாஸில் தலைவர் பெயரில்தான் தட்டு விற்கும், விமர்சனமும் அவரைப் பற்றித்தான் வரும். அதனால் இவ்வளவு வாசித்தவர் ஒரு துணைப் பெயராகவே நின்றுவிட்டார். 'ஹப்-டோன்ஸ்' தலைப்புப் பாடலின் வேகத்தில் பெரும்பாலான ஆல்டோகாரர்கள் பழகிய சங்கதிகளை அடுக்கித் தப்பித்துவிடுவார்கள். ஸ்பால்டிங் ஒரு சொற்றொடரை எடுத்தால் அதைச் சுருக்கி, உடைத்து, மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பாக முடிப்பார். புல்லாங்குழலும் வாசிப்பார். அதே தட்டில் 'லமென்ட் ஃபார் புக்கர்' கேட்டால் போதும்.

லாஸ் ஏஞ்சலஸில் இருந்ததால் விடுபட்டவர் சன்னி கிரிஸ். 1927ல் மெம்ஃபிஸில் பிறந்து, சிறுவயதிலேயே மேற்குக் கரைக்குப் போனவர். பார்க்கரின் விரல் வேகம் இவருக்கு அப்படியே உண்டு. நாதம் மட்டும் முற்றிலும் வேறு: பளிச்சென்று, பெரியதாக, நீண்ட சுரத்தின் கடைசியில் வேகமான அசைவோடு வரும். பார்க்கரின் அசைவு மெதுவானது, வறண்டது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இருவரையும் குழப்பிக்கொள்ளவே மாட்டீர்கள். 1967ல் பிரஸ்டிஜ் வெளியிட்ட 'போர்ட்ரெய்ட் ஆஃப் சன்னி கிரிஸ்' முதலில் கேட்க வேண்டியது. வால்டர் டேவிஸ் பியானோ, பால் சேம்பர்ஸ் பாஸ், ஆலன் டாசன் டிரம்ஸ். அதில் 'காட் பிளஸ் தி சைல்ட்' என்கிற மெதுவான பாட்டு. மூலப் பாடலின் வரியை முதலில் கிட்டத்தட்ட மாற்றாமல் வாசிக்கிறார், பிறகு ஒரே மூச்சில் ஏகப்பட்ட சுரங்களைக் கொட்டிவிட்டு மறுபடி வரியின் சரியான இடத்தில் வந்து இறங்குகிறார். அவ்வளவு கொட்டியும் தாளம் ஒரு இழைகூட அசைவதில்லை.

அதற்கு அடுத்து 'சன்னிஸ் டிரீம்' (1968). லாஸ் ஏஞ்சலஸின் ஹொரேஸ் டாப்ஸ்காட் எழுதி அமைத்த இசை, பத்துப் பேர் குழு. அப்புறம் 1975ல் பாரி ஹாரிஸ் பியானோவோடு 'சாட்டர்டே மார்னிங்'. 1977ல் புற்றுநோயோடு இருந்தபோது தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வயது 50.

மெம்ஃபிஸ்காரர் இன்னொருவர் ஃபிராங்க் ஸ்ட்ரோசியர். 1960ல் வீ-ஜே வெளியிட்ட அவருடைய தட்டில் டிரம்பெட் புக்கர் லிட்டில். பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் அப்போது மைல்ஸ் டேவிஸிடம் இருந்த வின்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப். இப்படி ஒரு கூட்டணி அமைந்தும் தட்டு பேசப்படவில்லை. 1963ல் மைல்ஸின் குழுவிலேயே கொஞ்ச காலம் இருந்தார், பிற்காலத்தில் சாக்ஸபோனை விட்டுப் பியானோவுக்குப் போய்விட்டார்.

எர்னி ஹென்றியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1926ல் பிறந்து 1957 டிசம்பரில், 31 வயதில் இறந்தவர். பியானோகாரர் தெலோனியஸ் மாங்கின் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' தட்டைப் பல பேர் கேட்டிருப்பார்கள், அதில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் சன்னி ரோலின்ஸைத்தான் நினைவு வைத்திருப்பார்கள். ஆல்டோ ஹென்றிதான். 1956 அக்டோபரில் அந்தத் தலைப்புப் பாடலை ஸ்டூடியோவில் 25 முறை முயன்றார்கள், ஒருமுறைகூட முழுதாக முடியவில்லை. தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ் வெவ்வேறு முயற்சிகளை ஒட்டித்தான் தட்டில் சேர்த்தார். ஏன் அவ்வளவு கஷ்டம்? வழக்கமான ஜாஸ் பாட்டு 32 பார் (பார் என்பது ஒரு தாளக் கட்டம்) அல்லது 12 பார் இருக்கும். இது 8, 7, 7 என்று 22 பார். அந்த ஏழு பார் பகுதிகளில், எட்டுக்குப் பழகிய வாசிப்பாளர் ஒரு பார் தாமதமாக வந்து முட்டிக்கொள்வார். போதாததற்கு ஒரு சுற்று மெதுவாக, அடுத்த சுற்று இரட்டை வேகத்தில். முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குத் தாவுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் இங்கே தாவியதும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) அதே இரட்டை வேகத்தில் மாறும். ஹென்றி இதில் அழகாக வாசிக்க முயலவே இல்லை. நாதத்தை அழவிட்டு, சுரத்தை வளைத்து, சில இடங்களில் வேண்டுமென்றே விளிம்பில் நிற்கிறார். பார்க்கரை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கரடுமுரடாகப் பட்டிருக்கும். மாங்கின் இசைக்கு இதைவிடப் பொருத்தமான ஆல்டோ எனக்குத் தெரியவில்லை. இவர் பெயரில் தனியாகக் கேட்க 'பிரசென்டிங் எர்னி ஹென்றி' இருக்கிறது.

ஜிஜி கிரைஸ் எழுதிய பாட்டுகள் ('மைனாரிட்டி', 'சோஷியல் கால்', 'நிக்காஸ் டெம்போ') இன்றும் மேடைகளில் வாசிக்கப்படுகின்றன, எழுதியவர் ஆல்டோ வாசித்தார் என்பதுதான் மறந்துபோனது. 1957ல் டொனால்ட் பேர்டோடு சேர்ந்து நடத்திய 'ஜாஸ் லேப்' தட்டுகளில் அவருடைய வாசிப்பு இருக்கிறது. கறுப்பினக் கலைஞர்கள் தம் பாட்டுகளின் உரிமையைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொந்தமாகப் பதிப்பு நிறுவனம் நடத்தினார். பின்னாளில் பஷீர் குசிம் என்ற பெயரில் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தார்.

கடல் தாண்டினால் ஜோ ஹாரியட். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1928ல் பிறந்து, அங்கே ஆல்ஃபா பாய்ஸ் பள்ளியில் வாசிக்கக் கற்று, 1951ல் இங்கிலாந்து போனவர். 1960ல் பதிவான 'ஃப்ரீ ஃபார்ம்' தட்டில் அவர் செய்ததை ஆர்னெட் கோல்மனின் எதிரொலி என்று தள்ளியவர்கள் உண்டு. இரண்டும் வேறு வழி. மாறாத தாள அளவு, பாருக்கு நாலு அடி என்ற சீரான ஓட்டம், கருப்பொருள், எதிர்பார்க்கக்கூடிய கார்டு வரிசை, பார் கோட்டுப் பிரிவு என்று ஜாஸின் அங்கங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு பாட்டிலும் குறைந்தது ஒன்றை வைத்துக்கொண்டு தேவைப்பட்டால் மற்றதையெல்லாம் விடலாம் என்பதுதான் ஹாரியட்டின் கணக்கு. கேட்கும்போது 'இந்தப் பாட்டில் எதை வைத்திருக்கிறார்கள்?' என்ற ஒரே கேள்வியோடு கேளுங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும். டிரம்பெட்டில் ஷேக் கீன், பாஸில் கோலரிட்ஜ் குட். பிறகு கல்கத்தாவில் பிறந்த வயலின்காரர் ஜான் மேயரோடு சேர்ந்து 'இந்தோ-ஜாஸ் சூட்' (1966): ஜாஸ்காரர்கள் ஐந்து பேர், இன்னொரு பக்கம் சிதார், தபலா, தம்பூரா, புல்லாங்குழல், வயலின் என்று ஐந்து பேர். மேயர் எழுதிக்கொடுத்த பகுதிகள் சில இடங்களில் விறைப்பாக இருக்கின்றன. ஹாரியட் நுழைந்ததும் அந்த விறைப்பு தளர்ந்துவிடுகிறது. 1973 ஜனவரியில், 44 வயதில் இறந்தார்.

நமக்கு மிக அருகில் வந்தவர் சார்லி மரியானோ. பாஸ்டனில் 1923ல் பிறந்தவர். சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' (1963) தட்டில் கதறுகிற அந்த ஆல்டோ இவருடையது. 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு வேலை செய்யப் போன இடத்தில் நாதஸ்வரம் கேட்டு, அதை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு இந்தியாவுக்கும் வந்து படித்தார். 1983ல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனோடு 'ஜோதி' என்ற தட்டு, ஆர். ஏ. ரமாமணி பாட்டு, டி. ஏ. எஸ். மணி மிருதங்கம். நாதஸ்வரமும் சாக்ஸபோனும் அடிப்படையில் உறவுள்ளவை, இரண்டிலும் குழல் வாய்ப்பக்கம் குறுகி அடியில் விரியும். சீவாளி இரட்டை நாக்கு, சாக்ஸபோன் ரீட் ஒற்றை. நாதஸ்வரத்தில் விரலைத் துளையில் பாதி நகர்த்திக் கமகம் கொண்டுவரலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது ஒரு மூடி, விரலுக்கு அங்கே வேலையில்லை. எனவே வளைவு முழுக்க உதட்டிலும் தொண்டையிலும்தான் நடக்க வேண்டும். மரியானோவின் ஆல்டோவில் 1970களுக்குப் பிறகு சுரங்கள் வழுக்கி ஏறும் விதம் மாறியதற்கு, நாதஸ்வரத்தில் மூச்சை அழுத்திப் பழகியதுதான் காரணம் என்பேன். 1963 தட்டையும் 'ஜோதி'யையும் அடுத்தடுத்து கேட்டால் இது தெளிவாகத் தெரியும்.

பங்கி கிரீன் மில்வாக்கியில் பிறந்து, சிகாகோவிலும் பிறகு ஃபுளோரிடாவிலும் பல ஆண்டுகள் கற்பித்தே வாழ்க்கையைக் கழித்தவர். கார்டுக்கு வெளியே போய்த் திரும்பும் அவருடைய வழிதான் ஸ்டீவ் கோல்மன், கிரெக் ஆஸ்பி போன்ற அடுத்த தலைமுறை ஆல்டோகாரர்களுக்குப் பாதை போட்டது. 2010ல் இன்னொரு ஆல்டோகாரரான ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'அபெக்ஸ்' தட்டில் வாசித்தார். அதே மகந்தப்பா 2008ல் கத்ரி கோபால்நாத், ஏ. கன்யாகுமரி, பூவாளூர் ஸ்ரீஜி ஆகியோரோடு செய்த 'கின்ஸ்மென்' தட்டை நம்மில் சிலர் கேட்டிருக்கலாம்.

இனி வாசிக்கிறவர்களுக்கு. இவர்களில் ஒருவரின் சோலோவை (தனி வாசிப்பை) தட்டிலிருந்து கேட்டு எடுத்து வாசிக்க நினைத்தால், ஸ்பால்டிங்கிலோ ஹென்றியிலோ தொடங்காதீர்கள். கிரிஸின் மெதுவான பாட்டு ஒன்றை எடுங்கள். நாலு பார் மட்டும் சுழலவிட்டு, சுருதி மாறாமல் வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். வாத்தியத்தைத் தொடும் முன் வாயால் பாடுங்கள். பாட வராத சொற்றொடரை விரல் மட்டும் பிடித்தால் அது இரண்டே நாளில் மறந்துபோகும். ஆல்டோ ஈ-பிளாட் வாத்தியம், பியானோவில் எஃப் என்றால் உங்களுக்கு டி, பியானோவில் பி-பிளாட் என்றால் உங்களுக்கு ஜி. இதைத் தாளில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் தப்பான சுருதியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிடித்த வாசிப்பாளரின் மவுத்பீஸை (வாயில் வைத்து ஊதும் முனை) வாங்கினால் அவருடைய நாதம் வந்துவிடும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். 1953 மே மாதம் டொராண்டோவின் மாஸ்ஸி ஹாலில் பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோ, ஆனாலும் கேட்பது பார்க்கரைத்தான். மெயர் 5 போன்ற நடுத்தரத் திறப்பு உள்ள ஒன்று, இரண்டரை அல்லது மூன்றாம் எண் ரீட், தொடங்க இது போதும்.

பிளந்த, மெலிந்த சத்தம் வந்தால் பெரும்பாலும் காரணம் கடிப்புதான். கீழ்த்தாடை ரீடை நசுக்குகிறது, ரீட் அதிர இடமில்லாமல் சுருதி ஏறுகிறது. சோதிக்க மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுங்கள். பியானோவின் ஏ சுரத்துக்கு மேலே போனால் கடிக்கிறீர்கள், ஜாஸ் நாதத்துக்கு ஜி பக்கம் இறங்கினால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகும் நடு டி மட்டும் ஏறி நின்றால் அது பெரும்பாலான ஆல்டோக்களின் இயல்பு. மவுத்பீஸை வெளியே இழுத்து அதைச் சரிசெய்யப் பார்த்தால் மற்ற சுரங்கள் எல்லாம் இறங்கிவிடும். மவுத்பீஸ் செருகும் கார்க்கில் அதை அதே இடத்தில் விட்டுவிட்டு, அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் தொண்டையைத் தளர்த்துங்கள்.