கையெழுத்தில்லாத செக்

கையெழுத்தை மட்டும் போட்டு, பெயர், தொகை எல்லாவற்றையும் காலியாக விட்டுக் கொடுத்த செக்கை, வாங்கினவர் நிரப்பிக்கொள்ளலாம். 1881-ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 20-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. மற்றதை எல்லாம் முத்து முத்தாக எழுதிவிட்டுக் கையெழுத்தை விட்டுவிட்டால் அது வெறும் காகிதம். குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு, இது ஒரு ரிட்டர்ன் மெமோ, அதாவது செக் திரும்பியதற்குக் காரணம் எழுதி பேங்க் தருகிற சீட்டு, வந்த பிறகுதான் தெரிந்தது.

பார்ட்டி வாணியம்பாடிப் பக்கம். பண்டிகைக்கு எடுத்த சரக்குக்கு 80,000 சொச்சம் பாக்கி. வசூலுக்குப் போன தம்பி செக்கை வாங்கி, வருகிற வழியிலேயே பேங்க்கில் கட்டிவிட்டுச் சலானோடு வந்தான். முன்பென்றால் செக் பாஸாகிறதா திரும்புகிறதா என்று தெரிய அடுத்த நாள் ஆகும். 2025 அக்டோபர் 4-லிருந்து காலையில் போட்டால் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடுகிறது. பணம் சீக்கிரம் வருகிறது, சரி. ரிட்டர்னும் அதே வேகத்தில்தான் வருகிறது.

மெசேஜைப் பார்த்ததும் முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா, அக்கவுன்ட்ல பணமில்லாம குடுத்துட்டானா?"

"பணம் பிரச்சினை இல்லை முதலாளி. கையெழுத்தே இல்லையாம்."

மறுநாள் பேங்க்குக்குப் போய் மெமோவையும் செக்கையும் வாங்கிவந்தேன். இப்போதெல்லாம் செக்கின் படம்தான் அந்தப் பக்கத்து பேங்க்குக்குப் போகிறது, காகிதம் நாம் போட்ட கிளையிலேயே இருக்கும். மேலே கடையின் பெயர், கீழே 'பார்ட்னர்' என்று ஊதா மையில் பளிச்சென்று சீல். இரண்டு வரிக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. சீலின் ஒரு ஓரத்தில் மை இழுத்திருந்தது. எடுத்த எடுப்பில் பார்த்தால் யாரோ கிறுக்கிவிட்டுப் போனது போலவே இருக்கும். வசூல் தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கவுன்டரில் வாங்கி ஸ்கேன் பண்ணியவர் கண்ணுக்கே அது படவில்லையே!

முதலாளி விடவில்லை. வக்கீலைக் கூப்பிட்டு, "138 போட்டுடலாமா?" என்றார். அதே சட்டத்தில் செக் திரும்பினால் கேஸ் போட வழி செய்கிற 138-வது பிரிவு அது; செக் பவுன்ஸ் என்றாலே எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு வாயில் வருவது அந்த நம்பர்தான். மெமோ வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கேஸ் என்று பாடம் மாதிரி ஒப்பிப்பார்கள். வக்கீல் சிரித்துவிட்டார். "அண்ணே, எழுதிக் குடுத்தவர் கையெழுத்து இருந்தாத்தான் சட்டப்படி அது செக். இது செக்கே இல்ல, அப்புறம் எங்கே பவுன்ஸ்?"

இன்னொன்றும் சொன்னார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிய செக்குக்குக்கூட 138 செல்லும், 2012-இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது என்றார். எனக்கு இது விசித்திரமாகத்தான் பட்டது. கோணலாகப் போட்டவன் மாட்டுவான், போடாதவன் தப்புவான்! கடன் அதனால் போய்விடாது, அது வேறு விஷயம். பில் இருக்கிறது, லெட்ஜர் இருக்கிறது, மூன்று வருடத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் 80,000 ரூபாய்க்கு யார் கோர்ட் படியேறுவது?

மறதி என்று சொல்லி நாள் கடத்துகிறவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. தேதியை மாற்றி எழுதுவது, எழுத்தில் ஒரு தொகை எண்ணில் ஒரு தொகை என்று போடுவது, இதெல்லாம் பழைய வித்தை. இந்தப் பார்ட்டி அந்த ரகம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, முதல் ரிங்கிலேயே போனை எடுத்தார். இழுத்தடிக்கிற ஆள் எடுக்க மாட்டார்.

"அடடா, சீல் வெச்சதும் முடிஞ்சுதுன்னு கடைப் பையன் குடுத்தனுப்பிட்டாம்மா. நீ அந்தச் செக்கையே அனுப்பு, போட்டுத் தரேன்."

அதே செக்கில் கையெழுத்து போட்டு, செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி கட்டலாம், தப்பில்லை. ஆனால் முதலாளி புதுச் செக்தான் வேண்டும் என்று நின்றார். பழையதைத் திருப்பிக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது, கையெழுத்தைத் தம்பி போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். நான் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பஸ் ஏறினான். இப்போது எல்லாப் பார்ட்டிக்கும் அதே வழக்கம்தான். சிலருக்கு முகம் சுண்டுகிறது, இருக்கட்டும்.

பணம் வந்துவிட்டது. பேங்க் எங்கள் கணக்கில் பிடித்த ரிட்டர்ன் சார்ஜையும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் பார்ட்டி பேரில் பற்று எழுதி வைத்தேன். அடுத்த பில்லோடு சேர்த்துத் தருகிறேன் என்றார். அடுத்த பில்லுக்கும் பணம் வந்தது, அந்தப் பற்று மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது.