மாமா கல்யாண கேசட்டை டிவிடி ஆக்குவதற்குள் பட்ட பாடு

டிவிடி ரைட் செய்து தரும் கடையில் காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்க்கை அங்கேயே கம்ப்யூட்டரில் போடச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘வீடியோ_டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் ஃபைல்கள் இருக்க வேண்டும். அப்படியில்லாமல் ஒரே ஒரு எம்பி4 ஃபைல் கிடந்தால் அது வீடியோ டிவிடியே இல்லை. பென்டிரைவில் போட வேண்டியதை டிஸ்க்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பழைய பிளேயர் அதைச் சீண்டாது.

எங்களுக்கு ஈரோட்டில் ஒரு கடையில் நடந்தது அதுதான். மாமா கல்யாணம் 2005ல். கேம்கார்டரில் போடுகிற மினிடிவி கேசட் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) போனில் படம் பார்க்க மாட்டார், கண்ணுக்கு எட்டவில்லை என்பார். வீட்டில் பெட்டி டி.வி.யும் டிவிடி பிளேயரும் இருக்கின்றன, அதில் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். அப்புச்சி (அம்மாவின் அப்பா) நடந்து பேசுகிற படம் எங்களிடம் அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இது எனக்குச் சாதாரண வேலையாகத் தெரியவில்லை.

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு சத்தி பஸ் ஏறி, கவுந்தப்பாடியில் இறங்கி, வீட்டுக்குப் போய்ப் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்று வந்து நின்றது. திரும்பக் கடைக்குப் போனேன். “எங்க சிஸ்டத்துல நல்லா ஓடுதுங்க. உங்க பிளேயர்தானுங்க பழசு, லென்ஸு போயிருக்கும்” என்றார் கடையில் இருந்தவர். அதே பிளேயரில் வீட்டில் இருந்த பழைய டிவிடிகள் எல்லாம் ஓடுகின்றன என்று சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. சரி, கேசட்டிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைலையாவது கொடுங்கள் என்று பென்டிரைவை நீட்டினேன். காப்பி ஆகவில்லை, பென்டிரைவ் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பென்டிரைவ் கெடவில்லை. ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. மினிடிவி கேசட்டை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோனதும் ஒரு பேச்சில்லாமல் ஏறிவிட்டது. இது தெரிந்திருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம். தினமும் இதே வேலை செய்கிறவர் அதைச் சொல்லியிருக்கலாம் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி நாமே செய்துகொள்வோம் என்று யுஎஸ்பியில் மாட்டும் ஒல்லி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். சாஃப்ட்வேருக்குச் செலவில்லை. வீடியோவை டிவிடி வடிவத்துக்கு மாற்ற டிவிடிஸ்டைலர், ரைட் செய்ய இம்க்பர்ன், இரண்டும் இலவசம். மாற்றும்போது ‘பால்’ (PAL) என்ற டி.வி. முறையைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் கேமராவும் டி.வி.யும் அந்தக் கணக்குதான், 720க்கு 576, நொடிக்கு 25 படம்.

ரைட் செய்யும்போதுதான் உயிரை வாங்கியது. பாதி போனதும் டிரைவ் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்தே காணாமல் போய்விடும். யுஎஸ்பி ஹப்தான் காரணம். மவுஸ், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே ஹப்பில் தொங்கினால் இந்த டிரைவுக்கு வேண்டிய கரண்ட் கிடைக்காது. லேசர் எழுதும்போது இழுப்பது அதிகம். லேப்டாப்பில் நேரடியாக மாட்டியதும் அந்தச் சத்தம் நின்றது. அப்படியும் நிற்காதவர்கள் இரண்டு முனை உள்ள ஒய் கேபிள் கிடைத்தால் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது டிஸ்க். பேர் தெரியாத கம்பெனி டிஸ்க் கட்டாக மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். ஒன்று முடிந்தது, அடுத்தது 90 சதவீதத்தில் எரர், அதற்கடுத்தது முடிந்தும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கொஞ்சம் விலை கூடினாலும் நல்ல கம்பெனி டிஸ்க் வாங்கி, ஸ்பீடை 4எக்ஸ் வைத்து, முடிந்ததும் எழுதியது சரியா என்று பார்க்கும் ‘வெரிஃபை’யும் ஓட விட்டேன். அதற்கப்புறம் ஒரு டிஸ்க் கூட வீணாகவில்லை. டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை உண்டு. பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர்தான் நம்பிக்கை. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் சோதனை செய்து பார்க்காதீர்கள். அதில் லேசர் வெளிச்சம் குறைவாகத்தான் திரும்பும், நல்ல பிளேயர்கூடப் படிக்காமல் போகலாம். கடைசியில் ‘ஃபைனலைஸ்’ ஆகாத, அதாவது எழுதி முடித்து மூடாத டிஸ்க்கும் அப்படித்தான், ரைட் செய்த கம்ப்யூட்டரில் ஓடும், பிளேயரில் ஓடாமல் போகலாம்.

நான்கு கேசட்டையும் ஒரே டிஸ்க்கில் அடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 4.7 ஜிபி என்று போட்டிருப்பதைக் கம்ப்யூட்டர் 4.38 என்றுதான் காட்டும். இரண்டு மணி நேரத்தைப் போட்டால் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், அது பார்க்க நன்றாக இருக்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் அடையாளம் தெரியாது. எனக்கு இரண்டு டிஸ்க் ஆனது.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா தங்கை செய்யும் இணைச்சீர் சடங்கில் எங்கள் அம்மாதான் இணைச்சீர்க்காரி. லேப்டாப்பில் அந்த இடத்தை நிறுத்திப் பார்த்தால், அம்மா கையை அசைக்கும்போது வளையல் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரிந்தது. அது கோளாறு இல்லை. ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக எடுக்கும் கேமராவின் சுபாவம், பெட்டி டி.வி.யில் தெரியாது. ஆனால் டி.வி.யில் கை முன்னும் பின்னும் உதறுகிற மாதிரி இருந்தால் பாதிகளின் வரிசை மாறிவிட்டது என்று அர்த்தம். மினிடிவியில் ‘பாட்டம் ஃபீல்டு’ முதலில் வரும், மாற்றும்போது அதையே கொடுக்க வேண்டும். எனக்கு முதல் டிஸ்க்கில் உதறியது. இதைச் சரிசெய்ததும் அடங்கிவிட்டது.

தங்கச்சி பையன் காதுகுத்துக்குப் போனில் எடுத்ததையும் தனி டிஸ்க்காகப் போட்டேன். அதில் போகப் போகப் பேச்சு ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம். போன் ஒரே சீரான வேகத்தில் படம் எடுப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரில் 25 என்று நிலையான ஃபிரேம் ரேட் வைத்து, ஆடியோவை 48 கிலோஹெர்ட்ஸ் ஆக்கிவிட்டு, அப்புறம் டிவிடிக்கு மாற்றினால் சரியாக வருகிறது.

எல்லாம் முடித்து எடுத்துக்கொண்டு போன நாள் அந்தப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. “ஏங்கண்ணு, இன்னிக்கும் ஓடாதா?” என்று அம்மிச்சி கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தேன். கரண்ட் வந்து டிஸ்க்கைப் போட்டதும் மெனு வந்தது, படம் ஓடியது. அப்புச்சி பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார் அம்மிச்சி. ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்தினால் அந்த இடம் வரும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இடத்தில் தனி சாப்டர் வைத்திருந்தது உதவியது.

டிஸ்க் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும். சிடி மார்க்கரில் எழுதினால் போதும். ஜன்னலோரம் வெயில் படும் இடத்திலும் வைக்க வேண்டாம், டிஸ்க்குக்குள் படம் பதிவாகியிருக்கும் சாயம் வெளுத்துவிடும். கடையிலிருந்து கேசட்டுகளை எண்ணி வாங்குங்கள். ஒன்றைத் தரவே மறந்திருந்தார்கள். கேட்ட பிறகுதான் மேசைக்கடியிலிருந்து எடுத்தார்கள். அந்த 13 ஜிபி ஃபைல்களை டிவிடி வந்த சந்தோஷத்தில் அழித்துவிடாதீர்கள். திருப்பூரில் இருக்கும் மாமா பையன் பென்டிரைவில் கேட்டபோது அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.