வலியில்லாத நாளில்தான் பயிற்சி

மருத்துவமனையில் யோகா சிகிச்சையாளராக இருக்கிறேன். தலைவலிக்காக நரம்பியல் மருத்துவர் அனுப்பிவைக்கும் இளையவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலை வலித்து, அது மூன்று மாதங்களைத் தாண்டினால் நாள்பட்ட தலைவலி என்று வகுத்திருக்கிறார்கள். படிக்கும் வயதில் பாதி மாதம் வலியிலேயே கழிந்தால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்!

மல்லாந்து படுத்த பதினாறு வயதுப் பெண்ணின் தலையை உள்ளங்கைகளில் ஏந்துகிறேன். பாரம் கையில் இறங்கவே இல்லை. "தளர விடம்மா" என்கிறேன். "விட்டுவிட்டேன் அக்கா" என்கிறாள். கழுத்தோ தலையைத் தூக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. தோள்கள் காதுப்பக்கம் ஏறியிருக்கின்றன, தாடை இறுகியிருக்கிறது. மேல் கழுத்து நரம்புகளும் நெற்றி, முகத்தின் உணர்வைக் கடத்தும் நரம்பும் மூளைத்தண்டில் ஒன்றுகூடுவதால், கழுத்தின் இறுக்கம் நெற்றியில் வலியாகத் தெரியக்கூடும். ஆகவே குப்புறப் படுத்துத் தளரும் மகராசனம், தோள் சுழற்சி, நீண்ட வெளிமூச்சு, வண்டுபோல் ரீங்கரித்து மூச்சுவிடும் பிராமரி இவற்றோடு தொடங்குவேன். தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் மூச்சை வேகமாக உந்தித்தள்ளும் கபாலபாதியும் இவர்களுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வலி உச்சத்தில் இருக்கும்போது எதுவும் மனதில் ஏறாது; நன்றாக இருக்கும் நாட்களில் பழகியதுதான் அன்று கைகொடுக்கும்.

மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். அது மருத்துவர் முடிவு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துடன் யோகாவும் செய்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட ஒற்றைத் தலைவலி அதிகம் குறைந்தது. அவர்கள் 18 முதல் 50 வயதுக்காரர்கள். சிறுவர்களுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. அதே சமயம், சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே தலைவலியை வளர்க்கக்கூடும். அதனால் டைரியில் வலியோடு மாத்திரைக் கணக்கையும் எழுதச் சொல்கிறேன். திடீரென்று வெடிப்பதுபோன்ற வலி, விடியற்காலை வாந்தி, பார்வைக் கோளாறு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் பாயை விரிக்கவே மாட்டேன், உடனே மருத்துவரிடம்தான்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை கண்விழித்ததும் "இன்று வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள். கேட்டவுடன் அது வலியைத்தான் தேடும். தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், அன்றைய வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். வலியைப் பற்றி டைரியில் பிள்ளையே எழுதிக்கொள்ளட்டும்.